ஒலியை அணைத்துப் பார்க்கச் சொல்கிறவர்களுக்கு

பேய்ப்படம் பற்றிப் பேச்சு எழும் இடத்திலெல்லாம் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார்: "சவுண்டை ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க, ஒண்ணுமே இருக்காது. சிரிப்புதான் வரும்." சொன்னவர் முகத்தில், வித்தைக்காரரின் பையைப் பிடுங்கி எல்லோர் முன்னாலும் கொட்டிக் காட்டிவிட்ட நிறைவு தெரியும். கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். பயம் கதையில் இல்லை, காட்சியில் இல்லை, நடிப்பிலும் இல்லை. காதுக்குப் பக்கத்தில் யாரோ தகரத்தைத் தட்டினார்கள், நாம் துள்ளினோம், அவ்வளவுதான் என்று தீர்ப்பாகிவிடும்.

படித்தவர்கள் இதையே கொஞ்சம் அலங்கரித்துச் சொல்கிறார்கள். குறிப்பிட்ட அதிர்வெண்கள் மூளையின் அச்ச மையத்தைத் தானாக மீட்டும். குறிப்பிட்ட சுர இடைவெளிகள் மனித இனத்துக்கே கலக்கம் தரும். காதுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வுகளைப் படத்தில் ஒளித்துவைத்தால் பார்ப்பவர் காரணம் தெரியாமலே நடுங்குவார். இரண்டு கூற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை. அச்சம் ஒலிக்குள் ஒரு சரக்காக அடைபட்டிருக்கிறது, அளவாக ஊற்றினால் போதும் என்ற நம்பிக்கை.

இது திண்ணைப் பேச்சாக நின்றிருந்தால் நான் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேன். படம் எடுப்பவர்களே இதை நம்பத் தொடங்கிவிட்டதுதான் என் வருத்தம். பயம் வரவில்லையா, ஏத்து. இன்னும் வரவில்லையா, இன்னும் ஏத்து. கதவு திறந்தால் ஒரு அடி, பூனை தாவினால் ஒரு அடி, நண்பன் தோளில் கைவைத்தால் அதற்கும் ஒரு அடி. படம் முடிந்து வெளியே வரும்போது காது வலிக்கிறது. பயந்தோமா என்று கேட்டால் பதில் இல்லை. ஒலி யாரையும் தானாக அச்சுறுத்துவதில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். கேட்பவருக்கு என்ன தெரியும், அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்பதில் விளைவதே அச்சம். அதை விளைவிக்கத் தெரிந்தவர்களின் கைத்திறனைத் தகரத்தட்டு என்று சொல்லும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான சாட்சியை நானே கூண்டில் ஏற்றிவிடுகிறேன். 1978இல் வெளிவந்த 'ஹாலோவீன்' படத்தை ஜான் கார்ப்பென்டர் எடுத்து முடித்தபோது, இசையும் எஃபெக்ட்ஸும் சேராத பிரதியை ஒரு ஸ்டுடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டினார். அந்தப் பெண்ணுக்குத் துளியும் பயம் வரவில்லை. இசையால்தான் படத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று அப்போது தீர்மானித்ததாகக் கார்ப்பென்டரே எழுதியிருக்கிறார். இசையையும் அவரே அமைத்தார். இசை சேர்ந்த பிறகு அந்த அதிகாரிக்கே படம் பிடித்துப்போயிற்று. "பார்த்தீர்களா, எல்லாம் சத்தம்தான்" என்கிறார்கள்.

அவர் சேர்த்தது என்ன என்று யாரும் கேட்பதில்லை. ஒரு பியானோ. ஐந்தெண்ணிக்கையில் ஓடும் ஒரு சின்ன வடிவம். சிறுவயதில் அப்பா பாங்கோவில் தட்டிக்காட்டிய தாளம் அது. நமக்குக் கண்ட நடை பழக்கம். நாலு நாலாக நடந்தே பழகிய மேற்கத்தியக் காதுக்கு அது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படி கூடுதலாக இடறும். அது அலறுவதில்லை, விரைவதுமில்லை. களைப்பே இல்லாத ஒன்று தெருவில் நடந்து வருவதைப்போலச் சுற்றிச் சுற்றி வருகிறது. முகமூடி அணிந்த அந்த உருவமும் படம் முழுக்க ஓடுவதே இல்லை, நடந்துதான் வருகிறது. அந்த நடைக்கு ஒரு காலத்தைக் கொடுத்தது இசை. அதை எடுத்துவிட்டுப் பார்த்தால் படம் பாதியாக நிற்பதில் என்ன வியப்பு? புளியும் உப்பும் போடாத ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, இந்தச் சமையல்காரர் இத்தனை நாளும் புளியையும் உப்பையும் வைத்து ஊரை ஏமாற்றினார் என்று யாரும் சொல்வதில்லை.

சினிமா என்றால் படம்தான், ஒலி அதன்மேல் பூசிய சாயம் என்ற எண்ணம் அந்தச் சோதனைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அப்படியானால் சோதனையைத் திருப்பியும் செய்துபார்க்க வேண்டும் அல்லவா? திரையரங்கில் எத்தனையோ பேர் நம் கண் முன்னாலேயே அதைச் செய்கிறார்கள். பயம் தாளாமல் துப்பட்டாவால் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். காது திறந்திருக்கிறது. பயம் போய்விடுகிறதா? கூடுகிறது. பார்த்துக்கொண்டிருந்தவரைக்கும் பேய்க்கு ஓர் உருவம், ஓர் எல்லை இருந்தது. கண்ணை மூடியதும் அது எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம்.

இனி அந்த "அடி" விவகாரத்துக்கு வருகிறேன். அதற்கு 1942க்குப் போகவேண்டும். ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவில் தயாரிப்பாளர் வால் லூட்டனும் இயக்குநர் ழாக் தூர்னரும் மிகக் குறைந்த செலவில் 'கேட் பீப்பிள்' என்ற படத்தை எடுத்தார்கள். பெண்ணொருத்தி சிறுத்தையாக மாறக்கூடியவள் என்பது கதை. சிறுத்தையை விலாவாரியாகக் காட்டப் பணமில்லை. ஓர் இரவுக் காட்சி: ஆலிஸ் பூங்காவின் மதிலோரமாகத் தனியாக நடக்கிறாள். கொஞ்சம் பின்னால் அந்தப் பெண், ஐரீனா. விளக்குக் கம்பங்களின் வெளிச்ச வட்டங்கள், இடையிடையே இருட்டு. இசை இல்லை. இரண்டு சோடிக் குதிகால் செருப்புகளின் டக் டக் மட்டும். முன்னால் நடப்பவளுடையது ஒரு வேகம், பின்னால் வருபவளுடையது இன்னொரு வேகம். அப்படியே சிறிது நேரம் போகிறது. பிறகு ஒன்று நின்றுவிடுகிறது.

அந்த இடத்தில் படம் எதையும் சேர்க்கவில்லை. இருந்ததில் ஒன்றை எடுத்துவிட்டது. ஆலிஸ் திரும்பிப் பார்க்கிறாள், தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. பின்னால் நடந்துவந்தவள் ஏன் நடப்பதை நிறுத்தினாள்? செருப்புப் போட்ட கால்கள் இப்போது எப்படிப்பட்ட கால்களாயின? சிறுத்தை நடந்தால் ஓசை கேட்காதே என்று நம் மனமே சொல்லிக்கொள்கிறது. ஆலிஸ் விரைகிறாள், கிட்டத்தட்ட ஓடுகிறாள். திடீரென்று ஒரு சீறல். சிறுத்தையின் சீறல் என்றே உடம்பு நம்பிவிடுகிறது. பார்த்தால், அவள் பக்கத்தில் வந்து நிற்கும் பேருந்தின் பிரேக்.

திரைத்தொழிலில் அந்த உத்திக்கே 'லூட்டன் பஸ்' என்று பெயர் நிலைத்துவிட்டது. எண்பது ஆண்டுகளாக அதை நகலெடுத்து வருகிறார்கள். நகலெடுத்தது பேருந்தை மட்டும். நின்றுபோன காலடியை எடுத்துக்கொள்ளவே இல்லை. உற்றுக் கவனித்தால் அந்தச் சீறல் அச்சத்தை உண்டாக்கவில்லை, முடித்துவைக்கிறது. நாம் துள்ளுகிறோம், மூச்சு விடுகிறோம், ஆலிஸ் பேருந்தில் ஏறிவிடுகிறாள், கொஞ்சம் நிம்மதிகூட வருகிறது. அதற்கு முந்திய அந்த நடையில் நாம் உட்கார்ந்திருந்த நிலைக்குப் பெயர்தான் அச்சம்.

திடுக்கிடுவது வேறு, அஞ்சுவது வேறு. இந்த வேறுபாட்டைத் தமிழுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தொல்காப்பியம் அச்சத்தை எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக வைத்து, அதற்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு பிறப்பிடங்களைச் சொல்கிறது. வெரூஉதலை, அதாவது வெருண்டு திடுக்கிடுவதை, அந்த எட்டில் சேர்க்காமல் வேறொரு பட்டியலில் தனியே வைக்கிறது. அந்த நான்கையும் திரும்பப் பாருங்கள். அணங்கு இன்னதென்று அறியாதவருக்கு அணங்கச்சம் இல்லை. குற்றம் செய்தது தனக்குத் தெரியாதவருக்கு அரசனிடம் நடுக்கம் இல்லை. அச்சத்துக்கு அறிவு வேண்டும். துள்ளுவதற்கு எதுவும் வேண்டாம். தொட்டிலில் தூங்கும் குழந்தையும் தட்டு விழுந்தால் துள்ளும்.

'ஜாஸ்' (1975) இதை எப்படிச் செய்கிறது என்று விரிவாகவே சொல்ல ஆசை. சுறாவின் இசை இரண்டு சுரம். ஜான் வில்லியம்ஸ் பியானோவில் அதை வாசித்துக் காட்டியபோது, வேடிக்கைக்கு வாசிக்கிறார் என்று எண்ணி ஸ்பீல்பெர்க் சிரித்தாராம். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் அந்த இரண்டு சுரத்துக்கும் இடையே உள்ளது அரைச்சுர இடைவெளி. நம் கணக்கில் ஷட்ஜமும் சுத்த ரிஷபமும். பாட்டு வகுப்பில் முதல் நாள் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை தொடங்கும் எந்தக் குழந்தையும் முதலில் பாடுவது இந்த இரண்டையும்தான். விடிகாலையில் எத்தனை வீடுகளில் அது கேட்டிருக்கிறது! அதைக் கேட்டு யாராவது தண்ணீரைவிட்டு ஓடியிருக்கிறோமா? அந்த இடைவெளிக்குள் சுறா இல்லை. படம்தான் சுறாவை அங்கே கொண்டுபோய் வைத்தது.

வைத்தவிதம் பொறுமையானது. முதற்காட்சியில் நள்ளிரவுக் கடலில் நீந்தும் பெண். அந்த இரண்டு சுரம் வருகிறது, அவள் போய்விடுகிறாள். சுறாவை நாம் பார்க்கவில்லை. இயந்திரச் சுறா கடல்நீரில் அடிக்கடி பழுதாகிப் படக்குழுவைப் பாடாய்ப் படுத்தியது ஊரறிந்த கதை. அதனால் படத்தின் பெரும்பகுதியில் சுறாவாக இருப்பது இசைதான். இரண்டாம் முறையும் இசை வருகிறது, ஓர் உயிர் போகிறது. இப்போது நமக்கும் படத்துக்கும் ஓர் உடன்பாடு: இசை கேட்டால் சுறா உண்டு. பிறகு ஜூலை 4 விடுமுறைக் கூட்டத்தில் ஒரு துடுப்பு நீரைக் கிழித்துக்கொண்டு வருகிறது. கடற்கரையே அலறி ஓடுகிறது. ஆனால் இசை இல்லை. அட்டையில் துடுப்பு செய்து விளையாடிய இரண்டு பையன்கள். இசை சொன்ன சொல்லைக் காத்தது. உடன்பாடு இன்னும் இறுகுகிறது.

அதன்பிறகுதான் அந்தக் காட்சி. போலீஸ் தலைவர் பிராடி படகின் பின்புறம் நின்று, சலித்துக்கொண்டே மீன் இரையை அள்ளிக் கடலில் வீசுகிறார். இசை இல்லை. அதனால் நாமும் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறோம். அவருக்குப் பின்னால் நீரிலிருந்து அந்தப் பெரிய தலை எழுகிறது.

இனி இசை இருந்தாலும் ஆபத்து, இல்லாவிட்டாலும் ஆபத்து. அந்த ஒரு நொடிக்குப் பிறகு படத்தில் அமைதியான கடலே கிடையாது. ஒலிதான் பயம் என்று சொல்கிறவர் இந்தக் காட்சியை எந்தக் கணக்கில் எழுதுவார்? இங்கே பயந்தது ஒலிக்கு அல்ல, ஒலி வராததற்கு. ஆனால் வரவேண்டிய ஒன்று வரவில்லை என்று உணர, ஒரு மணி நேரத்துக்கும் மேல் அதைக் கேட்டுப் பழகியிருக்க வேண்டும்.

'சைக்கோ'வைக் காட்டுவார்கள் என்று தெரியும். 1960இல் பெர்னார்ட் ஹெர்மன் தந்திக் கருவிகளை மட்டும் வைத்து அமைத்த இசை. குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் நினைத்திருந்தார். ஹெர்மன் எழுதிக்கொண்டுவந்து வாசித்துக் காட்ட, ஹிட்ச்காக் தன் முடிவை மாற்றிக்கொண்டார். வயலின்கள் கிறீச்சிடும் அந்தச் சில விநாடிகள் இன்று கேலிப் படங்களில்கூட வருகின்றன. அதுதான் பயத்தின் ஒலி என்று உலகம் முடிவுகட்டிவிட்டது. எனக்கோ அதன்பின் வருவதில்தான் நெஞ்சு அடைக்கிறது. இசை ஓய்ந்துவிடுகிறது. குழாய் மட்டும் கொட்டிக்கொண்டிருக்கிறது. யாரும் நிறுத்தாத தண்ணீர். கேமரா வடிகால் துளையைப் பார்க்கிறது, அசையாத கண்ணைப் பார்க்கிறது, தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது. கதாநாயகி என்று முக்கால் மணி நேரமாக நாம் நம்பி வந்தவள் போய்விட்டாள், அதைத் துக்கிக்கக்கூட அங்கே ஆளில்லை என்பதை அந்தத் தண்ணீர்தான் சொல்கிறது.

மூன்றே ஆண்டுகளில் ஹிட்ச்காக் 'தி பேர்ட்ஸ்' (1963) எடுத்தார். அதில் பின்னணி இசையே கிடையாது. இத்தனைக்கும் ஹெர்மன் ஒலி ஆலோசகராகக் கூடவே இருந்தார். பெர்லினில் ஆஸ்கர் சாலாவும் ரெமி காஸ்மனும் டிராட்டோனியம் என்ற மின்னணுக் கருவியில் பறவை ஒலிகளை உருவாக்கினார்கள். கடைசிப் பகுதியில் சன்னல்களையெல்லாம் பலகை அடித்து மூடிய வீட்டுக்குள் குடும்பம் ஒடுங்கியிருக்க, வெளியே சூழும் பறவைகளைப் பெரும்பாலும் நாம் பார்ப்பதே இல்லை, கேட்கிறோம். சரி, அதுவாவது பெருஞ்சத்தம் என்று விட்டுவிடலாம். பள்ளிக்கூடக் காட்சியை என்ன செய்வது? கதாநாயகி மெலனி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைக்கிறாள். வகுப்பறையிலிருந்து குழந்தைகள் கூட்டாகப் பாடும் பாட்டு கேட்கிறது. அவளுக்குப் பின்னால் விளையாட்டுக் கம்பிச் சட்டத்தில் ஒரு காகம் வந்து உட்காருகிறது. பிறகு சில. பிறகு இன்னும் சில. பாட்டு முடியமாட்டேன் என்கிறது. ஒவ்வொரு அடி முடியும்போதும் அடுத்தது தொடங்கிவிடுகிறது. பாட்டு முடிந்தால் பிள்ளைகள் வெளியே வருவார்கள் என்பது நமக்குத் தெரியும். பாட்டு நீள நீளக் காகங்கள் கூடுகின்றன என்பதும் தெரியும். முடியக்கூடாது என்றும் தோன்றுகிறது, உடனே முடியவேண்டும் என்றும் தோன்றுகிறது. மழலைக் குரல்களின் பள்ளிக்கூடப் பாட்டு அது. எந்த அதிர்வெண் இங்கே மூளையை மீட்டியது?

அதிர்வெண்காரர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அவர்கள் பக்கத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. கொலராடோவில் மர்மட் என்ற மலை அணில்களை ஆராயும் டேனியல் புளூம்ஸ்டீன், பிடிபட்ட குட்டிகள் கத்தும்போது குரல் பிசிறித் தாறுமாறாக உடைவதைக் கவனித்தார். திரைப்பட ஒலித்தடங்களிலும் அத்தகைய பிசிறல்கள் உணர்ச்சியைத் தூண்டும் விதத்தில் ஆளப்படுகின்றன என்று அவரும் சகாக்களும் 2010இல் வெளியிட்டார்கள். உடனே "பயத்தின் சூத்திரம் கிடைத்துவிட்டது" என்றது உலகம். 2012இல் அதே ஆய்வாளர் குழுவிலிருந்து வந்த அடுத்த முடிவை அவ்வளவு ஆவலோடு யாரும் பரப்பவில்லை. பிசிறிய இசையைத் தனியாகக் கேட்டவர்களுக்குக் கிளர்ச்சி கூடியது. அதையே சாதுவான காட்சிகளோடு சேர்த்துக் கொடுத்தபோது அந்தக் கிளர்ச்சி தணிந்துபோனது. இசை இனிமையற்றது என்ற எண்ணம் மட்டும் மிஞ்சியது. சூழலைப் பொறுத்தது என்று அவர்களே தலைப்பில் எழுதினார்கள்.

காதுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வு பற்றிய கதை இன்னும் பிரபலம். இங்கிலாந்தின் விக் டாண்டி என்ற பொறியாளர், தன் ஆய்வகத்தில் ஏதோ உருவம் நிற்பதாக உணர்ந்ததற்கு ஒரு மின்விசிறி எழுப்பிய ஏறத்தாழ 19 ஹெர்ட்ஸ் அதிர்வே காரணம் என்று 1998இல் எழுதினார். பற்றுக்கருவியில் பொருத்திவைத்த வாள் ஒன்று தானாக அதிர்ந்ததுதான் அவருக்குத் துப்புக் கொடுத்தது. அழகான துப்பறிதல். ஆனால் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸில் கிறிஸ் ஃபிரெஞ்சும் மற்றவர்களும் இதற்கென்றே ஓர் அறையைக் கட்டி, 79 பேரை ஒவ்வொருவராக உள்ளே அனுப்பி, தாழ்ந்த அதிர்வையும் மின்காந்தப் புலத்தையும் சிலருக்கு இயக்கியும் சிலருக்கு அணைத்தும் பார்த்தார்கள். பலருக்கு விசித்திர உணர்வுகள் வரத்தான் செய்தன. அதிர்வு இயங்கியதற்கும் இயங்காததற்கும் தொடர்பில்லாமல் வந்தன. ஏதாவது நேரலாம் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தச் சொல்லே போதுமானதாக இருந்தது என்று ஆய்வாளர்கள் 2009இல் எழுதினார்கள். பேய்ப்பங்களாவுக்குள் போகிறோம் என்று தெரிந்தவரின் காது வேறு காது.

சாத்தானின் சுரம் என்ற கதைக்கு ஒரு பத்தி போதும். ஆதார சுரத்திலிருந்து சரியாக மூன்று முழுச்சுரம் தள்ளி நிற்கும் இடைவெளியை ஐரோப்பாவில் இசைக்குள் புகுந்த சாத்தான் என்று அழைத்தார்கள். பேய்ப்பட இசை பற்றி எழுதும் எல்லோரும் இதைக் குறிப்பிட்டுவிடுவார்கள். அந்த இடத்தில் நம்மிடம் நிற்பது பிரதி மத்யமம். 72 மேளகர்த்தாக்களில் 36 அதன்மேல் அமைந்தவை. தம்புரா ஷட்ஜத்தை மீட்டிக்கொண்டிருக்க, கல்யாணியில் ஒருவர் பிரதி மத்யமத்தில் நின்று நீட்டும்போது நம் சபைகளில் "ஆகா" என்கிறார்கள். சாத்தான் ஏன் அங்கே மட்டும் வரமாட்டேன் என்கிறது?

நம் ஊரின் இரவுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் தெருவில் குடுகுடுப்பைக்காரர் வருவார். உள்ளங்கைக்குள் அடங்கும் கருவி, அதன் சத்தம் நாலு வீட்டைத் தாண்டினால் அதிகம். ஆனாலும் அது நெருங்க நெருங்க, விழித்துக்கொண்ட பிள்ளை அம்மாவின் சேலைக்குள் முகம் புதைக்கும். பெரியவர்களும் கதவைத் திறக்கமாட்டார்கள். அவர் சுடுகாட்டிலிருந்து வருகிறார், அவர் சொன்னால் பலிக்கும் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறார்கள். அந்தச் சொல் குடுகுடுப்பைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. சங்கு கோயிலில் முழங்கினால் கை கூப்புகிறோம். அதே சங்கு சேகண்டியோடு தெருமுனையில் கேட்டால் "யார் வீட்டிலோ" என்று சோற்றில் வைத்த கை நின்றுவிடுகிறது. ஊதுகிறவரின் மூச்சில் மாற்றம் ஒன்றுமில்லை. பாட்டிமார் பேய்க்கதை சொன்னவிதத்தையும் நினைத்துப் பாருங்கள். பேய் வரும் இடத்தில் எந்தப் பாட்டியும் கத்தியதில்லை. அங்கேதான் குரல் தாழும். நாம்தான் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருவோம்.

இந்தியத் திரைப்படத்துக்கும் இது தெரிந்தே இருந்தது. 'மஹல்' (1949) படத்தில் கேம்சந்த் பிரகாஷ் இசையில் லதா மங்கேஷ்கர் பாடிய அந்தப் பேய்ப்பாட்டுக்காக, மைக்கிலிருந்து தொலைவில் நின்று தொடங்கி மெல்ல நடந்து அருகே வந்து பாடவைத்ததை லதாவே நினைவுகூர்ந்திருக்கிறார். பாட்டு இனிமையானது. தொலைவிலிருந்து ஒருத்தி வந்துகொண்டிருக்கிறாள் என்ற எண்ணத்தில்தான் மயிர்க்கூச்செறிகிறது. தமிழில் 'யார் நீ' (1966) படத்துக்கு வேதா இசையில் பி. சுசீலா பாடிய 'நானே வருவேன்' பாட்டைக் கேட்டு இன்றும் ராத்திரியில் வேண்டாம் என்பவர்கள் உண்டு. அதிலும் அலறல் எங்கே? ஒருத்தி கெஞ்சலாக, தேனாகப் பாடுகிறாள். 'மணிச்சித்திரத்தாழ்' (1993) சலங்கையை அப்படித்தான் ஆக்கியது. குழந்தையின் காலிலும் மணப்பெண்ணின் காலிலும் கேட்டுப் பழகிய ஓசையைப் பூட்டிய அறைக்குள்ளிருந்து கேட்கவைத்தது.

பிறகு என்ன ஆயிற்று என்பதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஒலிக்குள்ளேயே அச்சம் இருக்கிறது என்று நம்பிய பிறகு, எந்த ஒலியில் அது அதிகம் என்று தேடத் தொடங்கினோம். உடுக்கை அகப்பட்டது. பேய்ப்படத்தில் உடுக்கை ஒலித்தால் பயப்படவேண்டும் என்று ஆகிவிட்டது. கொங்கு நாட்டில் அண்ணன்மார் சாமி கதையை இரவெல்லாம் உடுக்கை அடித்துப் பாடுகிறார்கள். கேட்பவர்கள் அழுகிறார்கள், உறவினர் செத்ததுபோல விம்முகிறார்கள். அம்மன் கோயில் பூசாரி உடுக்கையை எடுத்தால், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்காக வந்து நிற்கும் தாய்க்கு அது நம்பிக்கை. அந்த ஒலி யாருக்குப் பயம்? அதோடு வாழாதவர்களுக்கு. பெரும்பகுதி மக்கள் சாமி கும்பிடும் ஒலியைப் பேய்க்கான அறிவிப்பாக மாற்றிவிட்டு, அது உடம்பின் இயற்கை என்று விளக்கமும் சொல்வது நியாயமில்லை.

ஒலிக்கலவையில் வேலை செய்பவர்களின் நிலை இன்னும் பரிதாபம். காலடி, மூச்சு, மரக்கதவின் கிறீச், மழைக்குப் பிந்திய சொட்டு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து ஓர் இரவைக் கட்டுகிறார்கள். அதன்மேல் கடைசியில் ஆர்.ஆர். என்கிற பின்னணி இசை வந்து கவிழ்ந்துவிடுகிறது. எல்லா இடத்திலும் இசை என்றால் 'ஜாஸ்' செய்ததைச் செய்யவே முடியாது, ஏனென்றால் இசை இல்லாத கடல் என்று ஒன்று அந்தப் படத்தில் இருப்பதில்லை. அடுத்த அடி எப்போது விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் எதையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, தாங்கிக்கொண்டிருக்கிறார். பின்னணி இசை ஏறக்குறைய இல்லாமலே 1999இல் 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' உலகத்தை நடுங்கவைத்தது. கூடாரத்துக்கு வெளியே ராத்திரியில் சுள்ளி முறியும் ஓசை அதற்குப் போதுமாயிருந்தது. நம்மிடமும் 'பீட்சா' (2012) இருக்கிறது. இருட்டு வீட்டுக்குள் ஒரு டார்ச் வெளிச்சம், அந்த வெளிச்சம் எட்டாத இடத்திலிருந்து வரும் ஓசை. அதை ரசித்த அதே மக்களுக்குத்தான் இடி இடித்தால்தான் பயம் வரும் என்று முடிவுசெய்து இடிக்கிறார்கள்.

ஒலியை அணைத்துப் பார்க்கச் சொல்கிறவர்கள் ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' (1980) படத்தையும் பார்த்திருப்பார்கள். பனிக்காலத்துக்கு மூடிக்கிடக்கும் ஒரு பெரிய ஹோட்டல். டானி என்ற சிறுவன் தன் மூன்று சக்கர வண்டியில் கூடத்தைச் சுற்றி ஓட்டுகிறான். கேமரா தரையோடு தரையாக அவன் பின்னாலேயே போகிறது. மரத்தரையில் பிளாஸ்டிக் சக்கரங்கள் கடகடவென்று உருள்கின்றன. விரிப்பின்மேல் ஏறியதும் சட்டென்று ஓசை அடங்கிவிடுகிறது. மறுபடி மரம், கடகட. மறுபடி விரிப்பு, ஒன்றுமில்லை. அங்கே பேய் இல்லை, இரத்தம் இல்லை. பிள்ளை விளையாடுகிறான், அவ்வளவுதான். சில விநாடிக்கு ஒருமுறை படமே ஒலியை அணைத்துக் காட்டுகிறது. அணைகிற ஒவ்வொரு முறையும் அந்த ஹோட்டல் எவ்வளவு பெரியது, எவ்வளவு காலி, அந்தப் பிள்ளை எவ்வளவு சிறியவன் என்று தெரிகிறது. அடுத்த மரத்தரை வரும்வரை நாம் மூச்சு விடுவதில்லை.